ஒலிம்பஸ் ஓஎம்-1: படத்தின் இடது ஓரத்தில் செம்மஞ்சள் பட்டை, காடியில் தார் போல ஃபோம்

நெகட்டிவ்பெட்டி:

வணக்கம். ஒலிம்பஸ் ஓஎம்-1 ஃபிலிம் கேமரா உடல் ஒன்றைச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன். ஷட்டர் 1 நொடி முதல் 1/1000 வரை எல்லா வேகத்திலும் ஓடுகிறது. லென்ஸ் 50 மி.மீ. எஃப்/1.8, பூஞ்சை இல்லை. ஐ.எஸ்.ஓ 400 கலர் நெகட்டிவ் ரோல் ஒன்று ஓட்டிப் பார்த்ததில் வந்தவை:

36 படங்களில் 7இல் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை செம்மஞ்சள் பட்டை. நெகட்டிவை எடுத்துப் பார்த்தால் அது பிரேமுக்குள் நிற்கவில்லை. பிரேம் இடைவெளியையும் தாண்டி, முந்தைய படத்தின் வலது ஓரத்தைத் தொடுகிறது. பல்துளைகள் இருக்கும் விளிம்பிலும் கறுப்பு ஏறியிருக்கிறது.

இரண்டு படங்களில் கீழ் விளிம்பை ஒட்டி மெல்லிய செந்நிற மூட்டம்.

ஒரே ஒரு படத்தில், வானத்தில் கூர்மையான வெள்ளைப் புள்ளி. அது வெயிலில் லென்ஸ் மாற்றியதற்கு அடுத்து எடுத்த படம்.

பின்கதவுக் காடியில் (கதவின் விளிம்பு இறங்கும் பள்ளம்), ஒளி புகாமல் அடைக்க இருக்கும் ஃபோம் தொட்டாலே கையில் தார் போல ஒட்டுகிறது. வ்யூஃபைண்டரில் கரும்பொடிகளும், ஒரு பக்கம் பழுப்புக் கறையும் தெரிகின்றன.

எந்த இடத்துக்கு எத்தனை மி.மீ. ஃபோம் போடுவது? காடிக்குக் கம்பளி நூல் போதும் என்கிறார்களே, சரியா? வேலை முடிந்ததும் இன்னொரு 36 ரோலை வீணாக்காமல் சோதிக்க வழி உண்டா?

---

இருட்டறை:

நோய் எது என்று முதலில் பிரித்துவிடுவோம். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு வெவ்வேறு இடங்கள்.

நிறத்திலிருந்து தொடங்குங்கள். கலர் நெகட்டிவில் சிவப்பை உணரும் அடுக்குதான் ஃபிலிமின் முதுகுக்கு அருகில் இருக்கிறது, நீலத்தை உணர்வது லென்ஸ் பக்கம். பின்கதவு வழியாக நுழையும் ஒளி ஃபிலிமை முதுகிலிருந்து தாக்குவதால் முதலில் அந்தச் சிவப்பு அடுக்கைத்தான் சுடும். அதனால் படத்தில் சிவப்பாகவும், கசிவு கூடினால் செம்மஞ்சளாகவும் மஞ்சளாகவும் தெரியும். முன்பக்கத்திலிருந்து, அதாவது ஷட்டர் திரை வழியாக வரும் ஒளி எல்லா அடுக்குகளையும் சரியான வரிசையில் தொடுவதால் வெள்ளையாக விழும். ஆக உங்கள் பட்டையும் மூட்டமும் கதவு சார்ந்தவை, வெள்ளைப் புள்ளி திரை சார்ந்தது.

அடுத்தது இடம். ஃபிலிமில் படம் 180 பாகை திரும்பி விழுகிறது. படத்தின் கீழ் விளிம்பில் வரும் மூட்டம் கேமராவின் மேல் காடியிலிருந்து வருகிறது. கீழ்க் காடி என்று நினைத்து அதை மட்டும் மாற்றி ஏமாந்துவிடாதீர்கள். படத்தின் இடது ஓரம் என்பது, பின்னாலிருந்து பார்க்கும்போது கேமராவின் வலது பக்கம். ஓஎம்-1இல் கதவின் கீல் அங்கேதான் இருக்கிறது. எடுத்து முடித்த பிரேம் கீல் பக்கமாக நகர்ந்து ஸ்பூலில் சுற்றிக்கொள்வதால்தான் பட்டை இடைவெளியைத் தாண்டி முந்தைய படத்தையும் தொடுகிறது. பல்துளை விளிம்பு வரை கறுத்திருப்பதும் இதற்கே சாட்சி. ஷட்டர் பக்கக் கசிவாக இருந்தால் ஃபிலிம் கேட்டின் (படம் பதியும் சாளரம்) சட்டமே அதைத் தடுத்து, விளிம்பு சுத்தமாக இருந்திருக்கும்.

36இல் 7 படம் மட்டும் ஏன் என்றால், கசிவு எப்போதும் இருக்கிறது, நேரம்தான் மாறுகிறது. அடுத்தடுத்து எடுத்தவை தப்பிவிடும். கேமரா வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தபோது ஸ்பூலுக்கு அருகில் நின்ற பிரேம்கள் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளைப் புள்ளிக்கு: ரப்பர் பூசிய துணித் திரையில் ஊசித்துளை இருக்கலாம். லென்ஸ் மாட்டி, உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி கீழே இருக்கும்வரை அது பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. லென்ஸைக் கழற்றி வெயிலில் வைத்தால் பதிந்துவிடும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, கண்ணாடியை மேலே பூட்டி (கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் குமிழ்), முன்னாலிருந்து எல்.இ.டி டார்ச் அடித்துப் பின்கதவு வழியாகப் பாருங்கள். ஷட்டரை ஏற்றிய (லீவரை இழுத்து அடுத்த படத்துக்குத் தயாரான) நிலையில் ஒருமுறை, விடுவித்த நிலையில் ஒருமுறை. ஏற்றியபோது கேட்டை மூடியிருப்பது முதல் திரை, விடுவித்த பின் மூடியிருப்பது இரண்டாம் திரை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நல்ல திரை என்று முடிவு செய்பவர்கள் நிறைய.

பழுப்புக் கறை படத்தில் வராது. அது வ்யூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பித் தரும் பிரிசத்தின் வெள்ளிப்பூச்சு அரிக்கப்படுவது. ஓஎம்-1இல் பிரிசத்தை ஒட்டி வைத்த ஃபோமும் இதே போல மட்கி, பூச்சைத் தின்னும். மேல்மூடியைத் திறந்து அந்த ஃபோமை நீக்காவிட்டால் கறை வளரும். நீக்கினாலும் போன வெள்ளி திரும்பாது, பிரிசத்தைத்தான் மாற்ற வேண்டும்.

---

காடியும் கீலும்:

வேலைமுறையை நான் எழுதுகிறேன்.

பழைய ஃபோம் பாலியூரிதேன். காற்றின் ஈரத்தில் அதன் மூலக்கூறுகள் உடைந்து பிசினாகிறது. கடற்கரை ஊர்களில், பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்த கேமராவிலும் இது நடக்கும். ஆகவே "பார்க்க நன்றாக இருக்கிறது" என்று ஒரு பக்கத்தை மட்டும் விடாதீர்கள். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஓஎம்-1இல் ஒரு வசதி: கீல் பக்கத்தில் இருக்கும் சிறு ஊசியை இறக்கினால் பின்கதவு முழுதாகக் கையோடு வந்துவிடும். இரண்டையும் தனித்தனியே சுத்தம் செய்யலாம்.

ஷட்டர் திரையைக் காப்பாற்றுவது முதல் வேலை. ஃபிலிம் கேட்டின் அளவுக்கு மேல் கொஞ்சம் பெரிதாக ஒரு தாள் வெட்டி, ஃபிலிம் ரெயிலுக்கு வெளியே மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். டேப் திரையைத் தொடவே கூடாது. வேலை முழுக்கக் கேமராவின் திறந்த பக்கம் கீழே பார்க்கட்டும். உதிர்வது மேசையில் விழ வேண்டும், உள்ளே அல்ல.

கரைப்பானுக்கு 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அசிட்டோன் வேண்டாம், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் உருக்கும். பஞ்சுக் குச்சியை நனைத்து (சொட்டக் கூடாது) காடியில் வைத்து 2 நிமிடம் ஊற விட்டு, முனையை உளி போலச் சீவிய மூங்கில் குச்சியால் ஒரே திசையில் தள்ளுங்கள். உலோக ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கறுப்புப் பூச்சு போய்ப் பளபளப்பு வெளிவரும். அந்தப் பளபளப்பே ஒளியை உள்ளே எடுத்துச் செல்லும். நான்கைந்து சுற்று ஆகும். வெள்ளைப் பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை நிறுத்தாதீர்கள். பழைய பசை மேல் புது ஃபோம் ஒட்டினால் சில மாதத்தில் நழுவி, பிசுக்கு ஃபிலிமில் ஏறும்.

அளவுகளுக்கு வெர்னியர் எடுத்துக் காடியின் அகலத்தை அளந்து, அதே அகலத்துக்கு வெட்டுங்கள். தடிமனுக்கு நான் சொல்வது தொடங்கும் அளவு: காடிகளுக்கு 1 முதல் 1.5 மி.மீ., கீல் பக்கத்துக்கு 2 மி.மீ., கண்ணாடி மேலே மோதும் இடத்துக்கு 2 முதல் 3 மி.மீ. கதவின் விளிம்பு காடிக்குள் இறங்கி ஃபோமை லேசாக அமுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. கதவைத் தாழிட விரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஃபோம் தடிமன். அதை அப்படியே விட்டால் தாழ் தேயும், கதவு வில் போல வளையும், பிரஷர் பிளேட் ஃபிலிமைச் சமமாக அழுத்தாமல் படத்தின் ஒரு பக்கம் மட்டும் ஃபோகஸ் தளரும். கசிவை அடைக்கப் போய்க் கூர்மையைக் கெடுத்துக்கொண்ட கேமராக்கள் பல.

கைவேலைக் கடையில் விற்கும் ஈ.வி.ஏ ஃபோம் தாள் காடிக்கு ஆகாது. விறைப்பு அதிகம், அமுங்காது. ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் சாம்பல்நிற ஃபோமில் ஒளியே ஊடுருவும். ஒட்டுமுதுகு உள்ள, கறுப்பு, நுண்ணிய துளை ஃபோம் வேண்டும். வாங்கும்போது ஒரு துண்டை லேசாக அமுக்கி டார்ச் மேல் வைத்துப் பாருங்கள்.

வெட்டப் புது பிளேடும் எஃகு ஸ்கேலும். பிளேடை இழுக்காமல் அழுத்தி அழுத்தி வெட்டினால் விளிம்பு நேராக நிற்கும். ஒட்டும்போது மெல்லிய பட்டை கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு கோணும். பசைப் பக்கத்தை ஈரப் பஞ்சால் தொட்டுவிட்டு வையுங்கள். தண்ணீர் காயும்வரை நகர்த்திச் சரிசெய்யலாம். பிறகு கதவைத் திறந்தே ஓர் இரவு விடுங்கள். மூலைகளில் இரண்டு பட்டைகள் முட்டும் இடத்தில் இடைவெளி விடாதீர்கள். கீல் பக்கத்தில் கசிவு மிஞ்சினால் பெரும்பாலும் காரணம் அந்த முட்டுதான்.

கண்ணாடி ஃபோம் தனிக் கவனம் கேட்கும். அது மோதலைத் தாங்குவதோடு, படம் பதிவாகும் நேரத்தில் வ்யூஃபைண்டர் பக்கத்திலிருந்து ஒளி வராமலும் மறைக்கிறது. முதலில் லென்ஸ் வாய் வழியாக ஃபோகசிங் ஸ்க்ரீனை (கண்ணாடிக்கு மேலே காட்சி விழும் தகடு) கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். ஓஎம்-1இல் ஸ்க்ரீன் மாற்றக்கூடியதுதான். உங்களுக்குத் தெரியும் கரும்பொடி அநேகமாக அதன் மேல்தான் இருக்கும். ஸ்க்ரீனுக்கும் கண்ணாடிக்கும் ஊதுபந்து மட்டும். கண்ணாடியின் வெள்ளி முன்முகத்தில் இருக்கிறது, ஸ்க்ரீன் பிளாஸ்டிக். இரண்டையும் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். ஃபோம் ஒட்டி மறுநாள் 1/60இல் இருபது முறை அடித்துப் பாருங்கள். கண்ணாடி மேலேயே ஒட்டிக்கொண்டாலோ தயங்கி இறங்கினாலோ, பசை பிதுங்கியிருக்கிறது அல்லது ஃபோம் தடிமன்.

ஒட்ட சூப்பர் குளூ கூடவே கூடாது, அதன் ஆவி லென்ஸிலும் பிரிசத்திலும் வெண்படலமாகப் படியும். புளித்த வினிகர் வாடை வரும் சிலிகானும் வேண்டாம், உலோகத்தை அரிக்கும்.

---

நூல்கண்டு:

கம்பளி நூல் பத்தி யாரும் சொல்லலையே. மேல், கீழ் காடிக்கு நூல் தாராளமாப் போடலாம். என் கணக்குல ஃபோமை விட நூல்தான் மேல், ஏன்னா அது மட்காது. ஆனா அசல் கம்பளி வேணாம். ஈரம் இழுக்கும், பூச்சி வைக்கும். கறுப்பு அக்ரிலிக் நூல் எடுங்க. காடிக்குள்ள வைக்கும்போது இழுத்துப் பிடிக்காதீங்க, தளர்வா வைங்க. இழுத்தா மெலிஞ்சு அடியில போய் உக்காந்துக்கும், கதவு விளிம்பைத் தொடாது. ரப்பர் சிமென்ட் காடியின் அடியில மட்டும் மெல்லிசா ஒரு கோடு. நூல் பசையை உறிஞ்சினா கம்பி மாதிரி ஆயிடும், அப்புறம் அமுங்காது.

நூலோட ஒரே தொல்லை பிசிறு. வைக்கிறதுக்கு முன்னாடி பிசிறை ஒட்டு டேப்ல உருட்டி எடுத்துடுங்க. இல்லைன்னா எல்லா படத்துலயும் ஃபிலிம் கேட் ஓரமா ஒரு முடி நிக்கும்.

கீல் பக்கத்துக்கு நூல் ஆகாது. அங்க காடி கிடையாது, தட்டையான இடம். 2 மி.மீ. ஃபோம், இல்லைன்னா பசை முதுகு உள்ள கறுப்பு ஃபெல்ட் துணி. ஒட்டினதும் ஒரு தாள் பட்டையை வச்சுக் கதவை மூடி இழுத்துப் பாருங்க. மேல, நடுவுல, கீழ மூணு இடத்துலயும் ஒரே மாதிரி பிடிக்கணும்.

---

நெகட்டிவ்பெட்டி:

மிக்க நன்றி. டார்ச் வைத்துப் பார்த்தேன். ஷட்டர் ஏற்றிய நிலையில் ஓரிடத்தில் ஒரு புள்ளி ஒளி தெரிகிறது, விடுவித்தால் இல்லை. ஆக முதல் திரை. இதை அடைக்கலாமா, மாற்ற வேண்டுமா? இன்னொன்று: சோதனைக்குப் பழைய கறுப்பு வெள்ளை போட்டோ தாள் ஒரு பாக்கெட் இருக்கிறது, ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த காலத்தது. அதைக் கேமராவில் வைத்துச் சோதிக்கலாமா?

---

இருட்டறை:

ஒரே துளை என்றால் அடைக்கலாம். கறுப்புத் துணிப் பெயின்ட்டைப் பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, துளை மேல் மட்டும், மிக மெல்லியதாக இரண்டு பூச்சு. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் 12 மணி நேரம். திரை விரிந்திருக்கும் நிலையிலேயே, அதாவது ஷட்டரை ஏற்றியபடியே காய விடுங்கள். கண்ணாடி கீழே இருந்தால் முன்பக்கம் கை போகாது. பின்பக்கத்திலிருந்து பூசுவதே சுலபம். தடித்துப் பூசினால் திரை உருளையில் சுற்றும்போது அந்த இடம் புடைத்து, 1/1000இல் இரு திரைகளுக்கும் இடையிலான பிளவின் அகலம் மாறி, படத்தில் குறுக்கே வெளிச்சக் கோடு வரும். ஐந்தாறு துளைக்கு மேல் இருந்தாலோ, திரையை மடித்த இடமெல்லாம் வெடித்திருந்தாலோ பெயின்ட் வீண் வேலை, திரையையே மாற்ற வேண்டும். திரை இழுவிசையைச் சரிசெய்யும் கருவி இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

தாள் சோதனை பற்றி: அந்தப் பாக்கெட் மூட்டம் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஒளியே படாமல் ஒரு துண்டை டெவலப் செய்து பாருங்கள். சாம்பலாக வந்தால் அது எதற்கும் உதவாது.

புதுத் தாளாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. போட்டோ தாளின் வேகம் ஏறத்தாழ ஐ.எஸ்.ஓ 6. 400 ஃபிலிமை விட 60 மடங்குக்கு மேல் மெதுவானது. வெயிலில் 10 நிமிடம் வைத்துத் தாள் வெள்ளையாக வந்தால், 400 ஃபிலிமுக்குச் சுமார் 9 நொடி தாங்கும் என்று மட்டுமே அர்த்தம். தாள் கறுத்தால் கசிவு உறுதி. வெளுத்தால் ஒன்றும் உறுதி இல்லை.

ஃபிலிமிலேயே சோதியுங்கள். மொத்தச் சுருளிலிருந்து (வெட்டி ஏற்றிக்கொள்ளும் நீள ஃபிலிம்) அரை மீட்டர் கறுப்பு வெள்ளை 400 ஃபிலிமை கேசட்டில் ஏற்றினால் 8 பிரேம் கிடைக்கும். லென்ஸ் மூடி போட்டு, முதல் பிரேமில் நிறுத்தி, மேல், கீழ், கீல், தாழ் என நான்கு பக்கமும் நேர் வெயிலில் 3 நிமிடம் வீதம் காட்டுங்கள். இரண்டு பிரேமை வெற்றாகத் தள்ளுங்கள்; அதற்குள் ஸ்பூலில் ஒரு முழுச் சுற்று ஏறி, பழைய பகுதி உள்ளே மறைந்துவிடும். அடுத்த பிரேமுக்குக் கீலை மட்டும் கறுப்பு எலக்ட்ரிக் டேப் இரண்டு அடுக்கால் மூடி அதே நான்கு பக்கம். மறுபடி இரண்டு வெற்று. கடைசியாகக் கீலோடு மேல், கீழ், தாழ் விளிம்புகளையும் மூடி அதே போல. மூன்றையும் ஒப்பிட்டால் எந்த விளிம்பு கசிகிறது என்று நேரடியாகத் தெரியும். மூன்றாவதிலும் கறுப்பு வந்தால் கதவை விடுங்கள், முன்பக்கம் பாருங்கள். டேப்பை அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் பசை தோலுறையில் இறங்கும்.

கேசட்டின் வாயில் இருக்கும் வெல்வெட்டையும் சந்தேகப்படுங்கள். பலமுறை ஏற்றிய கேசட்டில் அது தேய்ந்திருந்தால் முதல் சில பிரேம்கள் மூட்டம் போடும். கேமரா மேல் பழி வரும். ரெம்ஜெட் (ஃபிலிமின் முதுகில் இருக்கும் கரிப்பூச்சு) நீக்கி விற்கும் சினிமா ஃபிலிமில் விளக்குகளைச் சுற்றி வரும் சிவப்பு வளையமும் கசிவு அல்ல.

---

மடிப்புப்பெட்டி:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். ஆக்ஃபா ஐசோலெட் மடிப்புக் கேமரா, 120 ஃபிலிம், 6×6. பெல்லோஸின் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) மூலைகளில் ஒளி தெரிகிறது. இதற்கும் துணிப் பெயின்ட் போதுமா?

---

காடியும் கீலும்:

ஐசோலெட்டில் பெல்லோஸ்தான் பலவீனமான இடம். தோல் அல்ல, செயற்கைப் பொருள். மடிப்பு மூலைகளில் வெடிக்கும். இருட்டறையில் பின்கதவைத் திறந்து சிறிய எல்.இ.டியை உள்ளே வைத்து, பெல்லோஸை முழுக்க நீட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். பாதி நீட்டிய நிலையிலும் ஒருமுறை. சில துளைகள் மடியும்போதுதான் திறக்கும். தெரிந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் குறி.

நான்கைந்து துளை என்றால் கறுப்புத் துணிப் பெயின்ட்டும் வெள்ளைப் பசையும் (மரவேலைக்குப் பயன்படுத்தும் பி.வி.ஏ) சம அளவு கலந்து, மெல்லிய தூரிகையால் மூன்று பூச்சு. பெயின்ட் மட்டும் பூசினால் மடிக்கும்போது வெடிக்கும். பசைதான் நெகிழ்வைக் கொடுக்கிறது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் நீட்டியே வையுங்கள், ஈரக் காலத்தில் இரண்டு நாள். முழுசாகக் காயாமல் மடித்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, திறக்கும்போது புதிதாகக் கிழியும். எல்லா மூலையும் வெடித்திருந்தால் புது பெல்லோஸ்தான், பூச்சு ஒரு ரோலுக்கு மேல் நிற்காது.

கேமராவைப் பட்டென்று திறக்காதீர்கள். பெல்லோஸ் விரியும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து ஃபிலிம் தட்டிலிருந்து முன்னால் உறிஞ்சப்படும், ஓட்டை அடைத்த மூலைகளுக்கும் அது இழுவை. மெதுவாகத் திறந்து, திறந்த பிறகு ஃபிலிமைச் சுற்றுங்கள்.

பின்புறச் சிவப்பு ஜன்னலை மறக்க வேண்டாம். இந்தக் காலத்து 400 ஃபிலிம்கள் சிவப்பையும் உணரும். எண் பார்க்கும் நேரம் தவிர மூடியே இருக்கட்டும், மூடி இல்லாத கேமராவுக்கு மடித்த கறுப்பு டேப். இந்தியாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 வைத்திருப்பவர்களுக்கும் இதுவே: படத்தின் நடுவில் வட்டமான மூட்டம் வந்தால் அது ஜன்னல்.

ஃபோகஸ் வளையம் கல் போல இறுகியிருந்தால் பலம் கொடுக்காதீர்கள். ஆக்ஃபாவின் பச்சை கிரீஸ் காலப்போக்கில் பசையாகிவிடும். பலமாகத் திருப்பினால் வளையத்தோடு நடு லென்ஸும் சேர்ந்து கழன்று வரும், ஃபோகஸ் அளவு மொத்தமாகப் போய்விடும். லைட்டர் பெட்ரோலை மரைப் பகுதியில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மறுநாள் இன்னொரு சொட்டு.